இறைவனைக் கட்சிக்காரனாக்கலாமா?

2016 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் ஆவடித் தொகுதியில் சா.மு. நாசர், மாஃபா பாண்டியராஜனிடம் 1,395 வாக்குகளில் தோல்வியுற்றார். "நாம் துஆ கேட்டோமே, ஹஜ்ரத்?" என்று மாணவர் ஒருவர் வினவியபோது நாம் விடையின்றி நின்றோம்.

2020இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிரம்ப் 11,779 வாக்குகளில் தோற்றார். சீட்டுகளைக் கையால் எண்ணியும் முடிவு மாறவில்லை. ஆயினும் வெற்றியை இறைவன் அவருக்கே விதித்துவிட்டான் எனப் போதகர் சிலர் முழங்கினர். அவர்களைக் குறைகூறுமுன் நம்மையும் நோக்குவோம்; நம் மாணவரின் வினாவிலும் அந்நோயின் வித்து இருந்ததன்றோ?

முடிவில் ஐயமிருப்பின் 45 நாள்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு தொடுக்க நம் நாட்டுச் சட்டம் வழிவிடுகிறது. அங்கே ஆதாரம் வேண்டும். அல்லாஹ்வின் பெயர் ஆதாரமாகாது. உஹதுப் போரில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் உடனிருந்தும் பின்னடைவு நேர்ந்தது. வில்வீரர் பலர் தம் இடத்தை விட்டு அகன்றதே காரணம் என்று நாமே பாடம் நடத்துகிறோம்.

2021இல் அதே இருவர் மோத, நாசர் வென்றார். "துஆ பலித்தது" என்றனர் மாணவர்கள். "துஆ நம் கடமை, முடிவைக் கொண்டு அல்லாஹ் எவர் பக்கம் என்று தீர்ப்புரைப்பது நம் உரிமையன்று" என்றோம். ஐந்தாண்டு தாமதித்த விடை அது.