உம்மம்மாவின் குரலை எங்கே வைப்பது?

எமது பெற்றோர் இளைஞர்களாக இருந்த காலத்தில் பாட்டுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. கசட்டுகளை அலுமாரியில் அடுக்கி வைத்தார்கள். நாகூர் ஈ.எம். ஹனீபாவின் கசட் இல்லாத வீடு எங்கள் ஊரில் அபூர்வம் என்பார் வாப்பா. பின்னர் இறுவட்டு வந்தது, பென் ட்ரைவ் வந்தது. இன்று பலருடைய பாடல்கள் வீட்டிலேயே இல்லை. தகவல் தொழினுட்பப் பாடத்தில் நாம் படிக்கும் மேகக் கணிமைக்குள் அவை போய்விட்டன.

பெயர்தான் மேகம். ஏதோ ஒரு நாட்டில், ஒரு நிறுவனத்தின் கட்டடத்துக்குள் இரவுபகலாக ஓடும் கணினிகள்தாம் அவை. அங்கே நாம் குடியிருப்பவர்கள் மட்டுமே. வீட்டுக்காரர் வேறொருவர்.

இதைப் பற்றி நான் யோசிக்கக் காரணம் ஒரு கசட். எங்கள் கல்முனைப் பகுதி முஸ்லிம் பெண்கள் பரம்பரையாகப் பாடிவந்த கவிகளையும் தாலாட்டையும் உம்மம்மா அழகாகப் பாடுவாராம். 1984இல் அப்பா சவூதியிலிருந்து கொண்டுவந்த டேப் ரெக்கோடரில் மாமா அவற்றைப் பதிவுசெய்தார். வீட்டிலிருந்த கசட்டுகள் அனைத்தையும் 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் கொண்டுபோனது. இது ஒன்று மட்டும் தப்பியது. கண்டியில் ஆசிரியராக இருந்த மாமா, ஊர் நினைவு வரும்போது கேட்பதற்காக இதைத் தன்னோடு எடுத்துப் போயிருந்தார். உம்மம்மா அதற்கு முன்பே வபாத்தாகிவிட்டார். அவருடைய குரலை நான் அறிந்தது இந்தக் கசட்டினால்தான்.

கடந்த விடுமுறையில் மாமாவும் நானும் அந்தக் கசட்டை மடிக்கணினியில் ஏற்றினோம். 60 நிமிடக் கசட்டுக்கு 60 நிமிடம் காத்திருக்க வேண்டும், அவசரப்படுத்த முடியாது. நடுவே ஒரு குழந்தை தண்ணீர் கேட்கும் சத்தம் வந்தது. "அது உங்கட உம்மாதான், மூணு வயசு" என்றார் மாமா. உம்மா எழுந்து குசினிக்குள் போய்விட்டார்.

இனி இதை எங்கே வைப்பது? மேகத்தில் வைப்போம் என்றார் நாநா. அவர் சொன்ன நன்மைகள் உண்மையானவை. எம்பி3 கோப்பாக மாற்றினால் ஒரு கசட் சுமார் 58 மெகாபைட்தான். கூகுள் இலவசமாகத் தரும் 15 கிகாபைட்டில் இதுபோல் 250 கசட்டுகளை வைக்கலாம். கண்டியில் மாமாவும் கட்டாரில் சாச்சாவும் ஒரே நேரத்தில் கேட்கலாம். கைத்தொலைபேசி உடைந்தாலும் பாட்டு உடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கடல் வந்தாலும் அது வேறோர் இடத்தில் இருக்கும். அந்தக் கசட் தப்பியதும் வேறோர் இடத்தில் இருந்ததனால் அல்லவா?

ஆனால் மேகமும் கலையும். பாடகர்கள் தம் பாடல்களை ஏற்றிவைத்திருந்த மைஸ்பேஸ் தளம், 2015 வரை ஏற்றப்பட்டவை சேவையகங்களை மாற்றும்போது அழிந்துவிட்டதாக 2019இல் அறிவித்தது. அழிந்தவை 5 கோடிப் பாடல்கள் என்று செய்திகள் கூறின. ஒருவர் தமது 50,000 பாடல்கள் வரை ஏற்றிவைக்க இடம் தந்த கூகுள் பிளே மியூசிக் 2020 இறுதியில் மூடப்பட்டது. யூடியூப் மியூசிக்குக்கு மாற்றிக்கொள்ளும்படி பாவனையாளரிடம் சொன்னார்கள். அந்த அறிவித்தலைக் கவனியாதவர்களின் கதி என்ன? இரண்டு வருடம் திறக்கப்படாத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்ற விதியையும் கூகுள் 2023இல் கொண்டுவந்தது. கணக்குக்கு உரியவர் மௌத்தாகி, கடவுச்சொல் எவருக்கும் தெரியாவிட்டால், பாட்டும் அவருடனேயே போய்விடும்.

உம்மாவின் கவலையோ வேறு. "உம்மா ஊட்டுக்குள்ள இருந்து புள்ளைகளுக்குப் பாடினவ. ஊர் கேக்கப் பாடல்லயே மகள்" என்றார். அதற்கு நாநாவிடம் பதில் இருக்கவில்லை. பகிர்வதற்கு ஒரு விரல் போதும். பகிர்ந்ததைத் திரும்பப் பெற ஊரே திரண்டாலும் முடியாது.

கடையில் வாங்கிய பாடல் தொலைந்தால் உலகில் இன்னொரு பிரதி கிடைக்கும். உம்மம்மாவின் தாலாட்டுக்கு இன்னொரு பிரதி எங்கும் இல்லை. எனவே இரண்டையும் ஒரே விதமாக வைக்க முடியாது. முன்னதற்கு மேகம் மட்டும் போதும். பின்னது அமானிதம்.

முக்கியமான கோப்புகளுக்குக் கணினித் துறையினர் கூறும் எளிய விதி ஒன்று உண்டு: 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்கள், அவற்றில் 1 வேறோர் இடத்தில். நாங்கள் அப்படியே செய்தோம். ஒரு பிரதி மேகத்தில், குடும்பத்தார் நால்வர் மட்டும் திறக்கும்படி இருக்கிறது. ஒன்று உம்மாவின் அலுமாரியில் பென் ட்ரைவில். இன்னொன்று கண்டியில் மாமாவின் வன்தட்டில். அசல் கசட்டை ஈரம் படாமல் பெட்டியில் வைத்திருக்கிறோம். கூடவே ஒரு கொப்பியில், பாடியவர் யார், எந்த வருடம், தண்ணீர் கேட்ட குழந்தை யார் என்று எழுதிவைத்தேன். "டிராக் 1" என்ற பெயரை மட்டும் பார்த்து எனது பேரப்பிள்ளைகள் எதை அறிவார்கள்?

தோழியரே, உங்கள் வீட்டிலும் ஒரு பழைய கசட் கிடக்கலாம். ஒலிநாடாவில் பூஞ்சணம் பிடிக்குமுன் அதைத் தேடுங்கள். அதில் யாருடைய குரல் என்று சொல்லக்கூடிய மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள்.