கண்ணில் படாத ஊக்கு

அத்தையின் தாலிச் சங்கிலியில் எப்போதும் இரண்டு மூன்று ஊக்குகள் தொங்கிக்கொண்டிருக்கும். பாவாடை நாடா உள்ளே போய்விட்டால் அதில் குத்தித் தள்ளி வெளியே எடுக்க ஒன்று, யாருக்காவது சட்டைப் பித்தான் தெறித்தால் ஒன்று, செருப்பு வார் அறுந்து யாராவது நடுரோட்டில் நின்றால் ஒன்று. ஊருக்கெல்லாம் ஊக்கு கொடுத்தவருடைய சேலையில் ஊக்கு எங்கே குத்தியிருக்கிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. தோளில் மடிப்புகள் வரிசையாக நிற்கும். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது நின்ற மாதிரியே சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதும் நிற்கும்.

சூட்சுமம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் பிடிபட்டது. ரவிக்கையின் உள்பக்கமிருந்து ஊக்கை ஏற்றி, அடியில் இருக்கும் மடிப்புகளை மட்டும் பிடித்துவிட்டு, மேல் மடிப்பைச் சும்மா விட்டுவிடுவார். அது தன் போக்கில் விழுந்து கிடக்கும். பார்க்கிறவர்களுக்கு அத்தனை மடிப்பும் தானாக நிற்பதாகத் தோன்றும். பட்டு கட்டுகிற நாளில் ஊக்கின் சுருளை ஒட்டி ஒரு பாசிமணியும் கோர்த்துவிடுவார். சுருளுக்குள் துணி மாட்டிக் கிழியாமலிருக்க.

பட்டெல்லாம் எப்போதாவதுதான். டீச்சர் சம்பளத்தில் நாள்தோறும் கட்டியது கைத்தறிப் பருத்தி. 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் அந்தத் தலைமுறை அரசு ஊழியர்களுக்குத் தவணையில் சேலை கொடுத்தது. தீபாவளித் தள்ளுபடிக்குக் காத்திருந்து வாங்குவார்கள். ஒரே ரகத்தை ஒரே பள்ளியில் நாலு டீச்சர்கள் எடுத்திருப்பார்கள். நாலு பேரும் ஒரே நாளில் கட்டிவந்தாலும் அத்தையுடையது வேறு விலைச் சேலை போலிருக்கும். அது எப்படி என்ற கேள்வி சின்ன வயதிலேயே என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று, பிடி விடவில்லை.

கஞ்சி ஒரு காரணம். ஞாயிற்றுக்கிழமை வடித்த கஞ்சியை அப்படியே யாரும் சேலைக்கு ஊற்றிவிடலாம். அத்தை அதைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டுவார், பருக்கைத் துணுக்கு ஒன்றுகூட இருக்கக்கூடாது. அடர் நிறச் சேலை என்றால் இன்னும் தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்வார், இல்லாவிட்டால் காய்ந்தபின் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். வெள்ளைக்கு மட்டும் ஒரு சொட்டு நீலம். உள்பக்கம் வெளியே வர, நிழலில் காயப்போடுவார். முழுக்கக் காயவிடுவதும் கிடையாது. லேசான ஈரம் இருக்கும்போதே என்னைக் கூப்பிடுவார். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இழுக்க வேண்டும். அவர் முற்றத்தில் அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில். அவர் ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் நான் தடுமாறி இரண்டடி முன்னால் போவேன். "பலமாப் பிடிடீ, சோறு திங்கலையா?" கரையோடு கரை சேர்த்து மடித்து, மறுபடி இழுத்து, மறுபடி மடித்து. இஸ்திரிக்காரர் வராத வாரம் மெத்தைக்கடியில் போட்டால் போதும். திங்கட்கிழமை அப்பளம் போல எழுந்து நிற்கும். சாதாரண எண்பதாம் நம்பர் பருத்திதான். தெருவில் போகிறபோது அதன் சத்தம் முதலில் வரும்.

அப்பத்தாவுக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. செட்டிநாட்டுப் பக்கத்துக் கண்டாங்கி, கணுக்காலுக்கு மேலே, கொசுவத்தைப் பின்னால் வைத்துக் கட்டுவார். ஊக்கு இல்லை, உள்பாவாடை இல்லை. நாற்று நட்டாலும் தண்ணீர் சுமந்தாலும் ஓர் இழை நழுவியதில்லை. 2019இல் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்தபோது, துணிக்குக் கிடைத்துவிட்டது, அந்தக் கட்டுக்கு யார் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். பின்கொசுவம் வைக்கத் தெரிந்தவர்கள் எங்கள் குடும்பத்தில் இப்போது யாருமில்லை.

தொன்றுதொட்டு வந்தது என்று நாம் நம்புகிற பலவும் அப்படி ஒன்றும் பழையதல்ல. ரவீந்திரநாத் தாகூரின் அண்ணி ஞானதானந்தினி தேவி 1860களில் ஐ.சி.எஸ். கணவரோடு பம்பாய்ப் பக்கம் போனார். அங்கே பார்சிப் பெண்கள் கட்டுவதைப் பார்த்து, ரவிக்கையும் உள்பாவாடையும் இடது தோளில் முந்தானையுமாக ஒரு கட்டை வங்காளத்தில் பரப்பினார். இன்று அலுவலகத்துக்குக் கட்டிப்போகிற கட்டில் அதன் சாயல் நிறைய உண்டு. ஊக்கும் அதே காலத்துப் பிள்ளைதான். நியூயார்க்கில் வால்டர் ஹன்ட் என்பவர் 1849இல் காப்புரிமை வாங்கி, ஒரு சின்னக் கடனை அடைப்பதற்காக 400 டாலருக்கு அதை விற்றும்விட்டார். அத்தையிடம் இதைச் சொன்னபோது, "பொழைக்கத் தெரியாத மனுஷன்" என்றார்.

ரவிக்கைக்குத்தான் அத்தை அதிகம் அலைவார். மதுரையில் அப்போது தையல் என்றால் புதுமண்டபம். திருமலை நாயக்கர் எழுப்பிய சிற்பத் தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல் மிஷின்கள் ஓடும். கல்லில் நிற்கும் நாயக்கர்களும் ராணிகளும் பார்த்துக்கொண்டிருக்க நாம் அளவு கொடுக்க வேண்டும். (இப்போது அந்தக் கடைகளைக் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபத்துக்கு நல்லதுதான், எனக்குத்தான் அங்கே போக மனம் வரவில்லை.) டூ பை டூ ரூபியாத் துணியை டியூப்லைட்டுக்குக் கீழே பார்த்து எடுக்கவே மாட்டார். கடைக்காரர் முணுமுணுத்தாலும் தானை வாசலுக்குத் தூக்கிவந்து வெயிலில் சேலையோடு வைத்துப் பார்ப்பார். உள்ளே ஒன்றாகத் தெரிந்த இரண்டு பச்சை வெளியே இரண்டு ஜாதியாகிவிடும்.

அவ்வளவு பார்த்துவிட்டு, சேலையின் உடல் நிறத்தில் அவர் ரவிக்கை எடுத்ததே கிடையாது. சேலையில் எந்த நிறம் ஆகக் குறைவாக இருக்கிறதோ, கரையின் ஓரத்தில் ஒரு நூல் அளவுக்கு ஓடுகிற அரக்கோ கடுகு மஞ்சளோ, அதில்தான் ரவிக்கை. அந்த ஒரு நூல் அதுவரை யார் கண்ணிலும் பட்டிருக்காது. ரவிக்கை வந்ததும் சேலையில் அது எழுந்து நிற்கும். இன்றைக்கு வளையல், பொட்டு, செருப்பு, கைப்பை என்று தலைமுதல் கால்வரை ஒரே நிறத்தில் வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கடைப் பொம்மை ஞாபகம் வருகிறது. குறை சொல்வதாக எடுத்துக்கொண்டாலும் சரி.

எம்.எஸ். நீலத்தை நிறையப் பேர் தேடித் தேடி வாங்கினார்கள். காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் நெய்துகொடுத்து, பாடகியின் பெயராலேயே நின்றுவிட்ட நிறம். நிறம் கிடைத்தது, எம்.எஸ். கிடைக்கவில்லை. இரண்டு பக்கமும் வைர மூக்குத்தி, தலையில் மல்லிகை, நெற்றியில் குங்குமம். மேடைக்கு மேடை அதை அவர் மாற்றவில்லை. வருஷக்கணக்காக ஒன்றையே திருத்தமாகச் செய்தால் அது அந்த ஆளின் கையெழுத்தாகிவிடுகிறது. அவசரப்பட்டு ஒரு சேலையில் அதை வாங்கிவிட முடியாது. ருக்மிணி தேவி வேறு வழியில் போனார். 1936இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கி, அடுத்த வருஷமே தறியும் போட்டார். ஜரிகையைக் குறைத்து, அகலக் கரையைக் கோர்வையில் சேர்த்து, உடலை வெறுமனே விட்டார். அத்தைக்கு அந்த வெற்று உடல்மேல் அப்படி ஒரு பிரியம்.

அத்தையின் கையெழுத்து என்று யோசித்தால் கைக்கடிகாரம் வருகிறது. முகம் மணிக்கட்டின் உள்பக்கம் இருக்கும்படி கட்டுவார், அந்தக் காலத்து டீச்சர்கள் பலரையும் போல. கரும்பலகையில் உரசாது என்பார். ஓசூரில் டைட்டன் வந்த புதிதில் அப்பா தங்க நிறச் சங்கிலி போட்ட ஒன்றை வாங்கிக்கொடுத்தார். சங்கிலியைக் கழற்றிவிட்டுத் தோல் வார் மாட்டிக்கொண்டார். வளையலோடு சேர்ந்து சளசளக்கிறதாம். அப்பாவுக்கு வருத்தம்தான், ஆனால் அவர் மட்டும் என்ன? சட்டைக் காலர் நைந்துபோனால் தையற்காரரிடம் பிரித்துத் திருப்பித் தைத்து வாங்கிக்கொண்டு, புதுச்சட்டை மாதிரி இரண்டு வருஷம் ஓட்டுகிறவர்.

ஃபால்ஸ் விஷயத்தில் அத்தையோடு பேசவே முடியாது. துணியை ஓரிரவு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்த பிறகுதான் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் துவையலிலேயே அது சுருங்கி, சேலையின் கரையை இழுத்துச் சுருக்கிவிடும். மிஷின் தையல் கூடாது. வெளிப்பக்கம் ஓரிழைக்குமேல் நூல் தெரியக்கூடாது. அதே கைதான் ஊக்கையும் ஒளித்தது என்று இப்போது தோன்றுகிறது. வேலை எல்லாம் உள்பக்கம். வெளியே வந்து நிற்பவர் ஏதோ கைக்குக் கிடைத்ததைச் சுற்றிக்கொண்டு வந்தவர் போல இருக்க வேண்டும்.

சென்ற பொங்கலுக்கு என் மகள் அத்தையின் பழைய சுங்குடி ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். ரவிக்கைக்குப் பதில் அவள் அப்பாவின் வெள்ளைச் சட்டை, கையை முழங்கை வரை மடித்துவிட்டு. காலில் வெள்ளை ஸ்னீக்கர். மடிப்புகளை முதல் நாளே எடுத்து இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். இதற்கென்றே இப்போது ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள், சேலையைக் கொடுத்தால் மடித்துப் பெட்டியில் போட்டுத் தருகிறார்கள். அத்தை கோபித்துக்கொள்வார் என்று நான் சமையலறைப் பக்கம் நகர்ந்தேன்.

கூப்பிட்டு நிறுத்தி, ஒரு சுற்றுச் சுற்றிவரச் சொன்னார். காலைப் பார்த்தார். சேலை ஸ்னீக்கரின் பாதியை மூடிக்கொண்டு தொங்கியது.

"ஷூ போட்டா போட்டதாத் தெரியணும். ஒரு இஞ்சு ஏத்திக் கட்டு."

"ஏத்தினா குட்டையா இருக்காதா பாட்டி?"

"இருக்கட்டும். உங்க பூட்டியம்மா கணுக்காலுக்கு மேலதான் கட்டினா. போயி அவுத்துக் கட்டிட்டு வா. அந்தச் சட்டைக் காலர் யாரு தேய்ச்சது, நுனி மடங்கியிருக்கு."