ஆக்கியோன் பெயர்

சென்னை – அரக்கோணம் இருப்புப்பாதையில் திருவாலங்காட்டுக்கு அடுத்த நிலையம் எங்கள் மணவூர். 1905இல் கண்டெடுக்கப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகளைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவன் நான். முதலாம் இராசேந்திர சோழன் பழையனூரைக் கோயிலுக்கு வழங்கிய செய்தியைக் கூறும் அவ்வேடுகளில், வடமொழிப் பகுதியைப் பாடிய நாராயணன் பெயரும் உண்டு. எழுத்துகளைப் பொறித்த காஞ்சிபுரத்தார் பெயர்களும் உண்டு.

2003இல் தொடங்கப்பெற்ற தமிழ் விக்கிப்பீடியாவில், சில ஆண்டுகளுக்கு முன் அச்செப்பேடுகள் குறித்துச் சில பத்திகள் எழுதினேன். பின்னர் ஒரு விழா மலரைப் புரட்டியபோது, அதே வரிகள் வேறொருவர் பெயரில் அச்சாகியிருக்கக் கண்டேன். உள்ளம் கொதித்தது. முறையிட்டு மடல் எழுதக் கருதி, சான்றுக்காகக் கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தேன்.

அப்பக்கம் என் சினத்தைத் தணித்தது. ஒவ்வொரு திருத்தமும், செய்தவர் இன்னார், செய்த நாள் இன்னது என்ற குறிப்போடு அங்கே பதிவாகியிருந்தது. ஒருவர் என் ஒற்றுப்பிழைகளை நீக்கியிருந்தார். மற்றொருவர் நான் பிழைபட எழுதிய ஆண்டைத் திருத்தியிருந்தார். எனது என்று நான் உரிமை கொண்டாடிய பத்தியில் பாதி பிறர் உழைப்பு!

அன்றியும், விக்கிப்பீடியா பின்பற்றும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம், எவரும் எடுத்தாளலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம் என்றே இசைவு தருகிறது. ஆக்கியோரைக் குறிப்பிட வேண்டும். மாற்றியிருந்தால் அதனைச் சொல்லி, அதே உரிமத்தில் பிறர்க்கும் வழங்க வேண்டும். அது விதிக்கும் முதன்மையான கடமைகள் இவை. ஆகவே, எடுத்தது குற்றமன்று, மறைத்ததே குற்றம்.

பாயிரத்துக்குரிய எட்டுச் செய்திகளுள் ஆக்கியோன் பெயரை முதலிலும், நூல் வந்த வழியை அடுத்தும் நன்னூலார் வைத்தது நினைவுக்கு வந்தது. அந்நேரம், என் பத்தியின் முடிவில் எவரோ இட்டிருந்த 'சான்று தேவை' என்னும் குறிப்பு கண்ணில் பட்டது. நாணினேன். அச்செய்திகளை நான் கற்றது ஊர் நூலகத்தில் படித்த ஒரு நூலிலிருந்து. அந்நூலின் பெயரை நான் எழுதவே இல்லை. வழியை மறைத்தவன் தன் பெயரைக் கேட்பது எங்ஙனம் தகும்?

அன்று முதலில் அந்நூலின் பெயரைச் சேர்த்தேன். பின்னரே மடல் எழுதினேன்: "என் பெயர் வேண்டா, 'தமிழ் விக்கிப்பீடியா பங்களிப்பாளர்கள்' என்று கட்டுரையின் முகவரியோடு அடுத்த மலரில் குறிப்பிடுங்கள்."

மாணவச் செல்வங்களே! இணையத்திலிருந்து ஒரு வரி எடுப்பினும் அதன் வழியைச் சொல்லுங்கள். உளி பிடித்தவர் பெயரையும் மறவாத செப்பேடு நமக்கு அருகிலேயே கிடைத்தது.