மனுசங்கடா பாடுனது யாரு?

ஆணி கொஞ்சம் அதிகம். அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கமே வர முடியல. போன மாசம் எப்படியோ நாலு நாள் லீவு தேத்தி ஊருக்குப் போயிருந்தேன். ஊருன்னா திருவதிகை. பண்ருட்டியை ஒட்டின ஊரு, கெடிலம் ஆத்தோரம். பலாப்பழம், முந்திரின்னு சொன்னா பாதிப் பேருக்கு டக்குன்னு பிடிபட்டுடும்.

தெருவுல ஒரு கல்யாண ஊர்வலம். குட்டியானை வண்டியில ஆள் உசரத்துக்கு ஸ்பீக்கர் கட்டி, வரிசையா சினிமாப் பாட்டு. நடுவுல திடீர்னு 'மனுசங்கடா'. அதுவரைக்கும் சும்மா நின்னுட்டிருந்த பெருசுங்க கூட கைதட்ட ஆரம்பிச்சிட்டாங்க. பக்கத்துல எங்க அத்தை பையன், பிளஸ் டூ படிக்கிறான், ஒரு வார்த்தை விடாம கூடவே பாடுறான்.

"டேய், இதை யாரு பாடுனதுடா?"

"யாரும் பாடலண்ணே. இது ஊர்ப் பாட்டு."

யாரும் பாடாமலே ஸ்பீக்கர்ல வருதாம். என்னத்தச் சொல்ல :-)

சிரிச்சிட்டு விட்டுட்டேன். ஆனா பெங்களூரு திரும்புற பஸ்ஸுல தூக்கமே வரல. அதோட விளைவுதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

அந்தப் பாட்டை எழுதினவர் கவிஞர் இன்குலாப். கீழக்கரைக்காரர், சென்னை புதுக்கல்லூரியில தமிழ் ஆசிரியரா இருந்தவர். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில 44 பேரைக் குடிசையோட கொளுத்தினாங்களே, அந்த நெருப்பு அவரைத் தூங்கவிடாம எழுத வச்ச பாட்டு. அதுக்குக் குரல் கொடுத்து, பறையோட மேடை மேடையா தூக்கிட்டுப் போனவர் கே.ஏ.குணசேகரன். புத்தகத்துல கரு.அழ.குணசேகரன்னும் இருக்கும், ரெண்டும் ஒரே ஆள்தான். 1955-ல சிவகங்கைப் பக்கம் இளையான்குடிக்குக் கிட்ட மாரந்தைங்கிற கிராமத்துல பிறந்தவர். நாட்டுப்புறப் பாட்டைத் தேடித் தேடிச் சேகரிச்சு அதுலயே முனைவர் பட்டம் வாங்கி, 'தன்னானே'ன்னு ஒரு கலைக்குழு கட்டி, புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துல சங்கரதாஸ் சுவாமிகள் பேருல இருக்கிற நிகழ்கலைப் புலத்துல பேராசிரியரா இருந்தார். நடுவுல சென்னையில உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்துக்கு இயக்குநர். 'பலி ஆடுகள்'னு அவர் எழுதின நாடகத்தைத் தமிழோட முதல் தலித் நாடகம்னு சொல்லுவாங்க. 2016 ஜனவரி 17 அன்னிக்குப் போய்ச் சேர்ந்துட்டார். அதே வருஷம் டிசம்பர் 1 இன்குலாப்பும் போயிட்டார். எழுதினவரும் பாடினவரும் ஒரே வருஷத்துல.

குணசேகரன் இறந்தப்போ நான் இன்ஜினியரிங் முதல் வருஷம். எங்க ஹாஸ்டல்ல ஒரு சீனியர் அண்ணன் அழுதுட்டு உக்காந்திருந்தாரு. யாருண்ணேன்னு கேட்டதுக்கு பதில் சொல்லாம ஒரு புத்தகத்தைக் கையில கொடுத்தாரு. 'வடு'. குணசேகரனோட தன்வரலாறு, 2005-ல வந்தது. சின்னப் புத்தகம்தான், ஒரே ராத்திரியில முடிச்சிடலாம். நான் முடிக்க நாலு நாளாச்சு.

ஏன்னா அதுல ஒரு இடம் வரும். பள்ளிக்கூடத்துல உதவித்தொகைக் கணக்கு எடுக்க வகுப்புக்கு வருவாங்க. சாதிப் பேரைச் சொல்லி, அந்தப் பசங்கள்லாம் எந்திரிங்கன்னு சொல்லுவாங்க. மொத்த வகுப்பும் திரும்பிப் பார்க்கும். அது 1960-கள்ல ராமநாதபுரத்துச் சீமையில. எனக்கு அதே காட்சி ஏசி, புரொஜக்டர் எல்லாம் வச்ச இன்ஜினியரிங் காலேஜ் வகுப்புல நடந்துச்சு (எந்தக் காலேஜ்னு வேணாம், விடுங்க). ஆபீஸ்லருந்து ஒருத்தர் லிஸ்ட்டோட வந்தாரு, ஸ்காலர்ஷிப் கேஸெல்லாம் எந்திரிங்கன்னாரு. கேஸ்! ஆறு பேர் எந்திரிச்சோம். பக்கத்து பெஞ்சுல அதுவரைக்கும் மச்சான் மச்சான்னு இருந்தவன் பார்வையில என்னமோ ஒண்ணு மாறுச்சு. அந்த மாற்றம் அரை செகண்டுதான். ஆனா பார்த்தவனுக்கு மறக்காது. அதனால 'வடு'வுல அந்தப் பக்கத்தைப் படிச்சுட்டு புத்தகத்தைக் கவுத்து வச்சிட்டேன்.

அதே புத்தகத்துல இன்னொண்ணும் எழுதியிருப்பார். இளையான்குடியில முஸ்லிம்கள் புழங்குற தெருவுல முறை வச்சுக் கூப்பிட்டுப் பழகுவாங்க. அங்கிருந்து சாதி பார்க்கிற கிராமத்துக்குப் போனா, தாகத்துக்குத் தண்ணி கேட்டாக்கூட முதல்ல நீ யாரு வீட்டு ஆளுன்னு விசாரணை. வயசான தாத்தாவை எதிர் வீட்டுப் பொடியன் டா போட்டுக் கூப்பிடுவான், அவரு 'சாமி'ன்னு பதில் சொல்லணும்.

இதைப் படிச்சப்புறம்தான் எனக்கு அந்தப் பாட்டோட தலைப்பே விளங்குச்சு. அதுல கடைசியா நிக்கிற அந்த 'டா'. காலங்காலமா ஒரு பக்கமா மட்டுமே வந்துட்டிருந்த எழுத்து அது. ஊருலருந்து சேரிக்கு வரும், திரும்பிப் போகாது. குணசேகரன் அதை மேடையில நின்னு, மைக்குல, திருப்பி அனுப்பினார். அவர் பாடுறதைக் கேட்டிருந்தீங்கன்னா தெரியும். கெஞ்சல் கிடையாது, அழுகை கிடையாது. எல்லாரும் ஒண்ணுன்னு வேதாந்தமும் கிடையாது. பெயரைச் சரியாச் சொல்லுன்னு கவுண்டர்ல ஒருத்தன் சொல்ற மாதிரி ஒரு தோரணை.

எங்க வீட்டுலயும் பாட்டுக்காரங்க உண்டு. தாத்தா பறையடிச்சவரு. சாவுச் சேதி வந்தா, காய்ச்சல்ல கிடந்தாலும் போயாகணும். போகலன்னா அப்புறம் களத்துல நெல்லு கிடைக்காது. அதனாலயே எங்கப்பா பறையைத் தொடக்கூட விடமாட்டார். மின்வாரியத்துல லைன்மேனா இருந்தவரு, 'நான் கம்பம் ஏறினது நீ இறங்கி அதைத் தூக்கிக்கவா?'ன்னு கேட்பாரு. அவர் பக்கமும் நியாயம் இருக்கு. பறையை விட்டொழிக்கணும்னு சொன்ன தலித் தோழர்களும், இல்ல அதை மேடையேத்தி நம்ம கலைன்னு மார்தட்டணும்னு சொன்னவங்களும் பல வருஷம் மோதியிருக்காங்க. குணசேகரன் ரெண்டாவது கட்சி. அப்பாவும் நானும் இதுல இன்னும் ராசியாகல. ஆனா அவருக்கும் 'மனுசங்கடா' முழுசா மனப்பாடம், அது வேற கதை.

சரி, பேருக்கு வர்றேன். ஆபீஸ்ல ஒரு நண்பன்கிட்ட இந்த அத்தை பையன் கதையைச் சொன்னேன். இலக்கியம்லாம் படிக்கிறவன். "அட, அதுதான்டா வெற்றி. பாடினவன் பேரு மறந்து பாட்டு மட்டும் நின்னாதான் அது நாட்டுப்புறப் பாட்டு"ன்னான். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. நாலு நாள் யோசிச்சும் என்னால ஒத்துக்க முடியல.

ஏன்னா நான் திருவதிகைக்காரன். எங்க ஊருக்கும் ஒரு பாட்டுக்காரர் உண்டு. 7-ஆம் நூற்றாண்டு ஆளு, திருநாவுக்கரசர். சூலை நோயோட அக்கா திலகவதியாரைத் தேடி வந்து வீரட்டானேசுவரர் கோயில்ல பாட ஆரம்பிச்சவரு. கோத்திரத்தையும் குலத்தையும் வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்கன்னு கேட்டவரு. கையில உழவாரப்படை. 1300 வருஷத்துக்கு மேல ஆச்சு. எங்க ஊர்ல எந்தக் குழந்தையைக் கேட்டாலும் அப்பர்னு பேரு சொல்லும். யாரும் பாடல, ஊர்ப் பாட்டுன்னு சொல்லாது.

அது தன்னால நிக்கல. அந்தப் பாட்டு இருந்த ஏடெல்லாம் சிதம்பரத்துல ஒரு அறையில பூட்டிக் கிடந்துச்சு, பாதியைச் செல்லு அரிச்சிடுச்சு, ராஜராஜனும் நம்பியாண்டார் நம்பியும் போய்த் திறந்தாங்கன்னு திருமுறைகண்ட புராணம் சொல்லுது. கதையோ நிஜமோ, விஷயம் இதுதான்: பாட்டு நிலைக்க ஒரு அறை, ஓர் ஏடு, ஒரு ராஜா, கோயில் கோயிலா பாட ஓதுவார்னு பெரிய ஏற்பாடே தேவைப்பட்டிருக்கு. அப்படியும் 2008 மார்ச்சுல, அரசாணை கையில இருந்தும், சிவனடியார் ஆறுமுகசாமி சிதம்பரம் சிற்றம்பல மேடையில தேவாரம் பாட போலீஸ் பாதுகாப்போட போக வேண்டியிருந்துச்சு. அப்பர் பாட்டுக்கே இந்தக் கதின்னா எங்க தாத்தா அடிக்கு யாரு அறை கட்டித் தருவா?

அதே சிதம்பரத்துல நந்தனார். அவரோட கதை 19-ஆம் நூற்றாண்டுல கோபாலகிருஷ்ண பாரதியார் எழுதின சரித்திரக் கீர்த்தனையாலதான் ஊரெல்லாம் பரவுச்சு. பெரியபுராணத்துல இல்லாத ஒரு பண்ணையாரை அதுல கொண்டு வந்தாரு பாரதியார். நாற்பது வேலி நிலத்து வேலையை முடிச்சாத்தான் சிதம்பரம் போக லீவு! (இதைப் படிச்சதுலருந்து எங்க மேனேஜர் மேல எனக்கு மரியாதை கூடிடுச்சு.) அந்தக் கொடுமையைப் பாட்டுல வச்சது பெரிய காரியம்தான். ஆனாலும் அங்க நந்தன் பாடல, நந்தனுக்காக வேற ஒருத்தர் பாடினார். கடைசியில நந்தன் நெருப்புக்குள்ள போயித்தான் உள்ள போக முடிஞ்சுது. அந்தப் பேரை வேற மாதிரி எடுத்துக்கிட்டவர் சுவாமி சகஜானந்தர். 1916-ல சிதம்பரத்துல நந்தனார் பேருலயே பள்ளிக்கூடம் தொடங்கினார். எங்கப்பாவோட சித்தப்பா அங்க படிச்சவர்தான். எங்க வகையறாவுல முதல் கையெழுத்து அவரோடது.

குணசேகரன் கிட்ட எனக்குப் பெருசாத் தெரியறது இதுதான். நந்தனே பாடினான், நந்தனே ஏட்டுலயும் எழுதினான், நந்தனே பல்கலைக்கழகத்துல அறையும் போட்டான். வயக்காட்டுல கேட்ட பாட்டைப் பதிவு பண்ணி, கேசட்டாக்கி, பாடமாக்கி, தன் கதையையும் தன் பேருல எழுதி வச்சார். பேரு வேணாம்னு நினைச்சவர் 'வடு' எழுதியிருக்க மாட்டார். பேரு அழியறது அழகுன்னு சொல்ல, முதல்ல பேரு சொல்லிக் கூப்பிடப்பட்டிருக்கணும்.

தெலுங்குப் பக்கம் கத்தர் இருந்தார். அவரும் இன்ஜினியரிங் படிக்கப் போய் பாதியில விட்டவர். 1997-ல அவரைச் சுட்ட தோட்டா ஒண்ணு கடைசிவரை முதுகுத்தண்டுல இருந்துச்சு. 2023 ஆகஸ்ட்டுல அவர் இறந்தப்போ அரசு மரியாதை, அப்புறம் தெலங்கானா சினிமா விருதுக்கே அவர் பேரு. இங்கயும் 2018 ஜனவரியில தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறினாங்க, 2020-லருந்து மார்கழியில் மக்களிசை. அந்தப் பசங்க பேரெல்லாம் அத்தை பையனுக்கு அத்துப்படி. சந்தோஷம்தான். ஆனா அவங்களுக்கு முன்னாடி மேடையில நின்ன ஆளை 'யாரும் பாடல'ன்னு விட்டா எப்படி? 2017-ல அம்ஷன் குமார் எடுத்த படத்துக்கே அந்தப் பாட்டோட பேருதான். அப்பா பொணத்தைப் பொதுப்பாதையில எடுத்துட்டுப் போகப் போராடுற பையனோட கதை. அந்தப் படம் வர்றதுக்கு முந்தின வருஷமே பாட்டுக்காரரும் கவிஞரும் போயாச்சு.

அத்தை பையனை உக்கார வச்சு யூட்யூப்ல குணசேகரன் பாடுறதைப் போட்டுக் காட்டினேன். முழுசாப் பார்த்துட்டு, "வாத்தியாரு மாதிரி இருக்காருண்ணே"ன்னான். வாத்தியார்தான்டான்னேன்.

அன்னிக்கு சாயந்திரம் எங்க ஆயாகிட்ட உக்காந்தேன். ஆயா அந்தக் காலத்துல ஒப்பாரிக்குப் பேர் போனது. பெரிய வீட்டுச் சாவுன்னா ஆள் அனுப்பிக் கூட்டிட்டுப் போவாங்க. செத்தவரு வீட்டு நெல்லுக் குதிரு, மாட்டுத் தொழுவம், கொண்டு வந்த சீர் எல்லாத்தையும் கோர்த்துப் பாடணும். கூலி ரெண்டு மரக்கா நெல்லு, ஒரு பழைய சேலை. இப்ப பல்லு இல்ல, ஆனா ராகம் அப்படியே இருக்கு. செல்போன்ல பதினோரு நிமிஷம் பதிவு பண்ணினேன். ஆயா பேரைப் போட்டு வச்சிருக்கேன்னு சொன்னதுக்கு, "எம் பேரு எதுக்குடா அதுல? செத்தவரு பேரைப் போடு"ன்னுச்சு. அரை மணி நேரம் மல்லுக்கட்டி, போன்ல மட்டும் போட்டுக்க, ஊருக்கெல்லாம் சொல்லாதேன்னு ராசியாச்சு. அதனாலதான் இங்க பேரு இல்ல.

உங்கள்ல யாரு வீட்டுப் பரண்லயாவது தன்னானே குழுவோட பழைய கேசட் கிடந்தா சொல்லுங்க. டேப்பு அறுந்திருந்தாலும் பரவாயில்ல, ஒட்டிக்கலாம். அட்டையில பாடினவங்க, பறையடிச்சவங்க பேரு அச்சடிச்சிருந்தா அதை முதல்ல ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க.