கரும்பொடியும் அளவுகோலும்

பழைய திரான்சிஸ்டர் வானொலிப் பெட்டியொன்றைக் கழற்றிப் பார்த்தவர்கள் அதனுள்ளே மெல்லிய செப்புக் கம்பி சுற்றிய கரிய கோலொன்றைக் கண்டிருப்பர். கைதவறி விழுந்தால் ஓட்டுத் துண்டுபோல் முறிந்துவிடும் அந்தக் கோல்தான் வெளியிற் பரவிய அலைகளைப் பற்றி எமது வீடுகளுக்குப் பாட்டும் செய்தியும் தந்தது. அது வெறும் இரும்புமன்று, மட்பாண்டமுமன்று. இரும்பொட்சைட்டோடு வேறு உலோக ஒட்சைட்டுக்களைக் கலந்து சூளையிற் சுட்டெடுத்த பெரைற்று என்னும் பொருள். 1930ஆம் ஆண்டளவில் டோக்கியோவில் கட்டோ, தக்கெய் என்னும் இரு அறிஞர் இப்பொருளைக் கண்டு வெளிப்படுத்தினர். 1935இல் இதை உற்பத்தி செய்வதற்கென்றே அங்கு ஒரு கொம்பனி எழுந்தது. எமது வகுப்பறைகளிலோ காந்தவியல் இன்றும் சிவப்பு வர்ணம் பூசிய இலாடக் காந்தத்தோடு முடிந்துவிடுகிறது.

அந்தக் குறையைச் சிறிதேனும் நீக்கலாம் என்றெண்ணி, உயர்தர வகுப்பு மாணவர் சிலரோடு நாமே ஒரு பெரைற்றைச் செய்ய முற்பட்டோம். ஆயிரம் பாகைக்கு மேற் சூடேறும் சூளை எமக்கில்லை. ஆயினும் பெரைற்றுகளுள் எளியதும், காந்தக்கல்லென்று பண்டையோர் அறிந்ததுமாகிய மக்னடைற்றை நீரினுள்ளேயே நுண்டுணிக்கைகளாக வீழ்படியச் செய்யலாம். பிரான்சில் மசார் என்பவர் 1981இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின் உலகெங்கும் பரவிய முறை அது. பெரசு உப்பு ஒரு பங்கு, பெரிக்கு உப்பு இரு பங்கு என்னும் மூல் விகிதத்திற் கரைத்துக் காரத்தைச் சேர்த்தாற் போதும் என்று எழுத்தில் இருந்தது.

எழுத்து வேறு, அலுமாரி வேறு. எமது பெரசுச் சல்பேற்றுப் போத்தல் எந்த ஆண்டினதோ! பச்சைப் பளிங்குகள் இருக்கவேண்டிய இடத்திற் பழுப்புக் கட்டிகள் கிடந்தன. பெயர்ச்சீட்டை நம்பிச் செய்தோம். கிடைத்தது செம்பழுப்புச் சேறு. காந்தத்தை எவ்வளவு அருகிற் பிடித்தும் அது அசையவில்லை. காற்றிலுள்ள ஒட்சிசன் எமக்கு முன்னரே அந்தப் போத்தலுக்குள் தன் பரிசோதனையை நடத்தி முடித்திருந்தது.

இரண்டாம் முறை போத்தலை நம்பவில்லை. சட்டிபானை தேய்க்கும் இரும்புப் பஞ்சில் 0.28 கிராம் எடுத்து ஐதான சல்பூரிக்கமிலத்திற் கரைத்தோம். நல்ல இளம்பச்சைக் கரைசல் வந்தது. மின்சுற்றுப் பலகைகளை அரிப்பதற்காக வானொலி திருத்தும் கடையில் விற்கும் பெரிக்குக் குளோரைட்டில் 2.70 கிராம் சேர்த்தோம். கரைந்துள்ள காற்றை விரட்ட நீரை முன்னரே கொதிக்கவைத்து ஆற்றியிருந்தோம். எழுபது எண்பது பாகைச் சூட்டில், சாளரங்களையெல்லாம் திறந்துவைத்துக்கொண்டு, அமோனியாவை ஊற்றினோம். மஞ்சள் பழுப்பாகி, பழுப்பு சட்டென்று கறுப்பாயிற்று. கணக்கின்படி கிடைக்கக்கூடியது 1.16 கிராம். முகவையின் பக்கத்திற் காந்தத்தை வைத்தபோது அந்தக் கறுப்பு முழுவதும் ஒரு புறமாக ஓடி ஒட்டிக்கொள்ள, நீர் தெளிந்து நின்றது. பிள்ளைகள் எழுப்பிய ஆரவாரத்தைக் கேட்டு அடுத்த வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்தார்.

காந்தத்தை எடுத்துவிட்டுக் குலுக்கினோம். கட்டிபடாமல் மீண்டும் மைபோற் கலந்தது. இரும்பூசியைக் காந்தத்தால் தேய்த்தால் அது தானும் காந்தமாகி நிற்குமே, இது ஏன் நிற்கவில்லை? மக்னடைற்றில் ஒட்சிசன்களுக்கிடையே இரும்பு அயன்கள் இருவகை இடங்களில் அமர்ந்துள்ளன. ஒரு வகையினவற்றின் காந்தம் மறுவகையினவற்றை எதிர்த்து நிற்கும்; இரண்டும் சமமில்லாமையால் ஒரு மிச்சம் எஞ்சும். 1948இல் இதை விளக்கிய லூயி நேல் 1970இல் நோபல் பரிசு பெற்றார். அந்த மிச்சத்தைத் தாங்கும் துணிக்கை இருபது நனோமீற்றரளவுக்குச் சிறுத்துவிட்டால் (ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பகுத்தால் ஒரு நனோமீற்றர்) அறையின் சாதாரண வெப்பமே அதன் திசையை ஓயாது புரட்டிக்கொண்டிருக்கும். காந்தம் அருகில் இருக்கும்வரை எல்லாம் ஒரு திசை நோக்கும். அகன்றதும் அந்த ஒழுங்கு கலைந்துவிடும். மீப்பரகாந்தம் என்பர் இதனை.

"அப்படியென்றால் சேர், எங்களுடையது எத்தனை நனோமீற்றர்?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

அங்கேதான் நாம் நின்றுபோனோம். எமது தராசு ஒரு கிராமின் நூறில் ஒரு பங்கை நிறுக்கும். அதற்கப்பால் எம்மிடம் அளவுகோல் இல்லை. எக்ஸ்கதிர்க் கோணலையும் இலத்திரன் நுணுக்குக்காட்டியையும் நாடவேண்டும். பெரும் பளிங்காகிய மக்னடைற்றின் நிரம்பற் காந்தமாக்கம் கிராமுக்கு ஏறத்தாழ 92 ஈ.எம்.யூ.; துணிக்கை சிறுக்க அது குறையும். எமது பொடியில் எவ்வளவு குறைந்தது என்றறிய அதிர்வு மாதிரிக் காந்தமானி என்றொரு கருவி வேண்டும். செய்வதற்குச் செலவானது ஒரு நேரத் தேநீர்ச் செலவு; அளப்பதற்கு வேண்டிய கருவியின் விலையில் எமது பாடசாலைக்கு ஒரு மாடிக் கட்டடமே எழுப்பலாம்.

வங்காளதேசத்தின் கதையை நினையாதிருக்க முடியவில்லை. குளத்து நீரால் வந்த கொள்ளை நோய்களிலிருந்து தப்புவிக்கவென்று அங்கு 1970களிலிருந்து இலட்சக்கணக்கான குழாய்க்கிணறுகள் தோண்டப்பட்டன. நீர் பளிங்குபோல் இருந்தது. நிறமோ சுவையோ இல்லாத ஆசனிக்கு நஞ்சு அதனுட் கலந்திருந்ததை 1993 வரை அங்கு எவரும் கண்டறியவில்லை. 1992இல் பிரித்தானிய நிலவியல் ஆய்வு நிறுவனம் அந்நாட்டு நிலத்தடி நீரை ஆராய்ந்தபோதும் ஆசனிக்கைச் சோதிக்கவில்லை. அளக்கத் தெரிந்தவர்கள் அளவாமல் விட்டனர். குடித்தவர்களிடம் அளவுகோல் இல்லை. பாதிக்கப்பட்டவர் தொடுத்த வழக்கை, அந்நிறுவனத்துக்கு அவர்பாற் கடமையெதுவும் இல்லையென்று கூறி, 2006இல் இலண்டன் பிரபுக்கள் சபை தள்ளிவிட்டது. அதே 2006இல், அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தார் 12 நனோமீற்றர் மக்னடைற்றுத் துணிக்கைகள் நீரிலுள்ள ஆசனிக்கைப் பற்றிக்கொள்வதையும், அவற்றை வலுக்குறைந்த காந்தத்தாலேயே நீரினின்று பிரிக்கலாம் என்பதையும் வெளியிட்டனர். துருவையும் சமையலெண்ணெயையும் கொண்டு அடுப்பிலேயே அத்தகைய பொடி ஆக்கும் வழியையும் பின்னர் காட்டினர். ஆயினும், கிராமத்துப் பெண்ணொருத்தி பொடியைக் கலந்து காந்தத்தால் அதைப் பிரித்தெடுத்த பின்னர், குடத்தில் எஞ்சிய நீர் ஒரு லீற்றருக்குப் பத்து மைக்கிரோகிராம் என்னும் உலக சுகாதார நிறுவன எல்லைக்குட்பட்டதா என்பதை அவளுக்கு யார் அளந்து சொல்வது?

எமது பொடியில் ஒரு சிட்டிகையைப் பொதிசெய்து ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். ஐந்து மாதம் கழித்து ஒற்றைத் தாள் வந்தது. கோடுகள் பெரைற்றின் அமைப்போடு ஒத்தன. அவற்றின் அகலத்திலிருந்து கணித்தபோது பதினொன்றோ பன்னிரண்டோ நனோமீற்றர். மாணவரின் மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆனால் மக்னடைற்று ஒட்சியேறிப் பிறக்கும் மகெமைற்றும் ஏறத்தாழ அதே கோடுகளைத்தான் காட்டும்; இரண்டையும் திட்டமாகப் பிரித்தறிய மொஸ்பவர் நிறமாலை போன்ற வேறு கருவிகள் வேண்டும் என்று தாளின் அடியில் ஒரு குறிப்பு இருந்தது. கேள்வி கேட்ட மாணவி அதனை இருமுறை வாசித்து, "அப்ப நாங்கள் செய்தது என்னவென்று இன்னும் தெரியாது" என்றாள்.

மீதிப் பொடி நீருடன் ஒரு சிறு போத்தலில் ஆய்வுகூடச் சாளரத்தருகே இருக்கிறது. அதன் கறுப்பில் இப்போது சற்றே பழுப்பு ஏறியிருக்கிறது. பெயர்ச்சீட்டில் 'மக்னடைற்று' என்று எழுதியிருந்ததை அவள் அடித்துவிட்டுக் கேள்விக்குறி இட்டிருக்கிறாள். காந்தத்தை அருகிற் கொண்டுபோனால் அது இன்னும் ஓடிவந்து ஒட்டிக்கொள்கிறது.