பொறி தட்டாத பத்மினி



துவாக்குடி வீட்டு வாசலில் மழைக்காலம் முழுக்க நின்ற நம் பழைய பத்மினி, போன வாரம் கிளம்ப மறுத்தது. செல்ஃப் சுற்றுகிறது, பெட்ரோல் வருகிறது. பொறி மட்டும் இல்லை. "காயில் போயிருக்கும் சார், இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க" என்றார்கள். காயலான் கடையில் விலையும் பேசிவிட்டேன்.

அன்று இரவு மனசு கேட்கவில்லை. 1831-ல் ஃபாரடே கண்டதை முப்பது வருடம் கரும்பலகையில் எழுதியவன், ஒருமுறையாவது சோதித்துப் பார்க்க வேண்டாமா?

காலையில் டெஸ்ட் லாம்பை எடுத்தேன். சாவியைத் திருப்பியதும் காயிலின் பிளஸ் முனையில் விளக்கு எரிந்தது. பேட்டரிப் பக்கம் சரி. மைனஸ் முனையில் வைத்து, பேரனை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். விட்டுவிட்டு எரிய வேண்டிய விளக்கு அணையாமலே எரிந்தது. அதாவது, பாயிண்ட் வழியாக எர்த்துக்கு மின்சாரம் போகவே இல்லை. போனால்தானே அறுபடும்? அறுபட்டால்தானே காயிலில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்?

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால், பாயிண்ட் முனைகளில் ஈரத்தால் சாம்பல் பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, இடைவெளியை 0.4 மி.மீ. வைத்தேன். இரண்டாவது முறை செல்ஃப் அடித்ததும் வண்டி பிடித்துக்கொண்டது. காயில் நன்றாகவே இருந்திருக்கிறது. காயலான் கடைக்காரரிடம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. "இவனுக்கெல்லாம் பொறி தட்டாது" என்று வகுப்பில் சிலரைச் சொல்லியிருக்கிறேன். எதையும் தொட்டுப் பார்க்காமலே சொன்னது. அவர்களில் யாராவது இதைப் படித்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். வண்டியில் ஒரு சுற்று போய்வரலாம்.