லைட்டுக்குக் காசு, ஃபியூஸுக்குக் கணக்கு

கோவை உக்கடத்தில் வண்டிக்கு வேண்டியது எதுவானாலும் பழசில் தேடிப் பிடித்துவிடலாம். கதவு, கண்ணாடி, ரேடியேட்டர் தொடங்கி, உடைத்த காரிலிருந்து கழற்றிய ஃபியூஸ் பாக்ஸ் வரை. 2024 ஆகஸ்டில் மேம்பாலம் திறந்த பிறகு பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் போகிற வண்டிகள் பல தலைக்கு மேலேயே போய்விடுகின்றன. கீழே உள்ள பட்டறைகளுக்கு இப்போது தேடி வருகிறவர்கள்தான் வருகிறார்கள்.

அப்படி வந்த ஒரு டெம்போ டிராவலர் வேனுக்கு வயரிங் வேலை நடந்ததைக் கூடவே இருந்து பார்த்தேன். ஓட்டுநர் பொள்ளாச்சிக்காரர், வண்டியும் அவருடையதே. வால்பாறை டிரிப் அடிக்கிறவர். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு, மேலே போகப் போகப் பனிமூட்டம். முன்னால் இரண்டு ஃபாக் லாம்ப் வேண்டும். பயணிகளுக்கு ஆறு இடத்தில் மொபைல் சார்ஜர். பாட்டுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர்.

“இருக்கற லைன்லயே ஒட்டி உட்டுருங்க பாய். சாயங்காலம் டிரிப் இருக்குதுங்க.”

“ஒட்டுனா எரியுமுங்ணா. எது எரியும்னுதான் சொல்ல முடியாது.”

வயரிங் செய்யும் பாய் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். லாரிப்பேட்டையில் அண்ணன் பட்டறையில் தொழில் பழகியவர். அவரிடம் வேலை கற்கும் பையன் ஐ.டி.ஐ. முடித்தவன். இருவருக்கும் நடுவே ஒரு அட்டைத் துண்டும் பேனாவும். ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே கணக்குத் தொடங்கிவிட்டது.

வீட்டில் 100 வாட் பல்பு 230 வோல்ட்டில் எரிகிறது. அரை ஆம்பியர்கூட இழுக்காது. அதே 100 வாட்டை 12 வோல்ட் பேட்டரியில் எரித்தால் 8 ஆம்பியருக்கு மேல் ஓடும். வண்டி வயரிங்கின் சிக்கல் முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது. சின்னச் சாமானாகத் தெரிவது பெரிய மின்னோட்டத்தைக் கேட்கும். “லாரிக்கு ரெண்டு பேட்டரி, 24 வோல்ட்டு. பாதி ஆம்பியர்ல வேல முடிஞ்சிரும். வேன் அப்படியில்லீங்க” என்றார் பாய்.

ஃபாக் லாம்ப் ஒன்று 55 வாட். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 9 ஆம்பியர். 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் அதை 5 மீட்டர் ஓட்டினால் வழியிலேயே முக்கால் வோல்ட்டுக்கு மேல் கரைந்துவிடும். விளக்கு மங்கும், கம்பி சூடாகும். இரண்டரை எம்.எம். வயர் போட்டால் இழப்பு மூன்றில் ஒரு பங்கு வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடும். அட்டையில் எழுதினார்: விளக்கு, ரெண்டரை எம்.எம்., 15 ஆம்பியர் ஃபியூஸ். சார்ஜருக்கும் அதே அளவு. ஆம்ப்ளிஃபயருக்கு ஆறு எம்.எம்., 30 ஆம்பியர். எல்லாவற்றுக்கும் தாயாக பேட்டரியிலிருந்து கிளம்பும் பத்து எம்.எம். கேபிளில் 60 ஆம்பியர்.

ஃபியூஸ் என்றால் விளக்கைக் காப்பாற்றுவது என்றே நானும் எண்ணியிருந்தேன். பையன் சிரித்தான். “விளக்கு போனா வேற வாங்கிக்கலாமுங்க. இது வயரைக் காப்பாத்தறதுக்கு.” மெல்லிய வயரில் பெரிய ஃபியூஸ் போட்டால், ஷார்ட் ஆகும்போது ஃபியூஸ் கெட்டியாக நிற்கும், வயர் உருகும். அதனால் வயரின் தாங்குதிறனைப் பார்த்துத்தான் ஃபியூஸ். அதுவும் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையில் இருக்கிற வயருக்குக் காவல் கிடையாது. நல்ல பேட்டரி ஷார்ட்டில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிடும்.

நெகட்டிவ் முனையை முதலில் கழற்றினார்கள். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காமலிருக்க அந்த வரிசை. பிறகு ரிலே. டாஷ்போர்டு சுவிட்சில் 9 ஆம்பியரை ஓட விட்டால் அதன் உள்முனை கருகும். சுவிட்ச் ரிலேயின் சுருளை மட்டும் இயக்கினால் போதும். அது அரை ஆம்பியர்கூட எடுக்காது. சுமையை ரிலே தாங்கிக்கொள்ளும். ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்ற எண்கள். ஜெர்மன் தரநிலையிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய எண்கள். பாய் அவற்றைப் பார்க்காமல் விரலாலேயே தடவிச் செருகுகிறார்.

நேரத்தைத் தின்றது வயரை இழுக்கும் வேலை. என்ஜின் பக்கமிருந்து உள்ளே வரும் தகட்டு ஓட்டையில் ரப்பர் கிராமட் இல்லாமல் வயர் விட்டால், மலை ரோட்டு அதிர்வில் தகட்டின் விளிம்பு தோலை அறுத்துவிடும். கிராமட், நெளிபைப், ஒரு சாணுக்கு ஒரு டை. முனைகளை முறுக்கி டேப் சுற்றவில்லை. லக்கு வைத்து நசுக்கினார்கள். எர்த் எடுத்த இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளைத் தகடு தெரிந்த பிறகே போல்ட் ஏறியது.

விளக்கும் சார்ஜரும் கீ லைனில். சாவியை எடுத்தால் அணைந்துவிடும். எப்போதும் டைரக்டாக நிற்க வேண்டியது ஏற்கெனவே ஒன்று இருந்தது. 2019 ஜனவரி முதல் புதிதாகப் பதிவாகும் பயணிகள் வாடகை வண்டிகளுக்கு இருப்பிடம் காட்டும் கருவியும் அவசர பட்டனும் கட்டாயம். அந்த லைனைப் பாய் தொடவேயில்லை.

ஹார்னுக்கு ரூட்ஸ், மீட்டருக்குப் பிரிக்கால் என்று பெயர் பெற்ற கம்பெனிகள் இதே கோவையில் இருக்கின்றன. அங்கே ஒவ்வொரு சாமானுக்கும் வரைபடம் உண்டு, சோதனை உண்டு. அதே சாமானை ஓடுகிற வண்டியில் சேர்க்கும் கடைசிக் கைக்கு உள்ள வரைபடம் இந்த அட்டைத் துண்டுதான். அந்தக் கை பிசகினால் என்னாகும் என்ற பயம் விபத்து நடந்தால்தான் வருகிறது. 2025 அக்டோபர் 14 அன்று ஜெய்சல்மேரிலிருந்து ஜோத்பூருக்குக் கிளம்பிய தனியார் பேருந்து எரிந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். ஏசி இணைப்பில் ஷார்ட் சர்க்யூட் என்பது முதலில் எழுந்த சந்தேகம். அந்தச் செய்தி வந்த வாரம் ஃபியூஸ் பற்றி எல்லோரும் விசாரித்தார்கள் என்கிறார் பாய். அப்புறம் பழையபடி ரேட்டுப் பேச்சு.

“லைட்டுக்குக் காசு குடுத்துருவாங்க. ஃபியூஸுக்குத்தான் கணக்குக் கேப்பாங்க” என்றார். டேப் சுற்றிப் பாதி நேரத்தில், பாதிக் கூலியில் முடிக்கிறவர்களும் உண்டு. வண்டியைக் கையில் கொடுக்கும் அன்று இரண்டு வேலைக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டிலும் விளக்கு ஒரே மாதிரிதான் எரியும். வித்தியாசம் தெரிய ஒரு மழைக்காலமோ ஒரு உரசலோ வேண்டும். நல்ல வேலைக்காரர் தன் கூலியை நியாயப்படுத்தக் காட்டுவதற்கு எதுவுமில்லாத தொழில் இது.

பாய் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். எல்லாம் முடிந்ததும் ஓட்டுநரைக் கூப்பிட்டு நிறுத்தினார். விளக்குப் பக்கத்து வயர் முனையைக் கழற்றி, சுவிட்சைப் போடச் சொல்லி, முனையை வேண்டுமென்றே பாடியில் தொட்டார். ஒரு பொறி. 15 ஆம்பியர் நீல ஃபியூஸுக்குள் கம்பி அறுந்திருந்தது. வயரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார், சூடேயில்லை.

ஓட்டுநர் சற்று நேரம் பேசவில்லை. கூலியைப் பற்றியும் பேசவில்லை. “இதுல நாலு எக்ஸ்ட்ரா குடுங்க பாய்” என்றார்.

“நீலம் போனா நீலந்தாங்ணா போடோணும். பச்ச முப்பது ஆம்பியரு, அதப் போட்றாதீங்க. ரெண்டாவது தடவையும் போச்சுன்னா லைட்ட மறந்துட்டு எனக்குப் போன் போடுங்க.”